ஆற்றுத் தேவனின் கால்

மார்ஷ்போர்ட்
செப்டம்பர் 3, 1660

அன்புள்ள லாரன்ஸுக்கு,

நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று சரக்கு வண்டிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வசந்தத்தில் நான் போட்ட கடிதங்கள் உன் வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும். போகட்டும். ராஜா திரும்பி வந்ததிலிருந்து லண்டனில் மண்டபத்துக்கு மண்டபம் விருந்தாம், விருந்துக்கு விருந்து வாழ்த்துப் பாட்டாம், அதில் பாதி உன் கைவண்ணமாம். சாப்பிட நேரமில்லாத ஆளிடம் கோபித்துக்கொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு பிரபுவை நியமித்திருக்கிறார்கள். ஹேல்ஸ்டன் பிரபு. மாதக் கடைசியில் வருகிறார். துணி வணிகர் சங்கத்தில் அவருக்கு மதிய விருந்து. சங்கத் தலைவர் கிம்பர் நேற்று கடைக்கே வந்துவிட்டார். "ஏய்யா டாக்கெட், பாட்டுச் சொல்ல உன்ன விட்டா இந்த ஊர்ல ஆளு ஏது? பழைய மாதிரி ஆத்துத் தேவன் வேஷமே போட்டுக்க. ஆனா பாட்டு மட்டும் புத்தம் புதுசா இருக்கணும். அந்த லண்டன்காரருக்கு இன்னிக்கே எழுதிப் போடு" என்றார். எழுதிப் போட்டுவிட்டேன்.

இப்போது என் ஆசையைச் சொல்கிறேன், சிரிக்காதே. அங்கே நாடகக் கொட்டகைகளைத் திரும்பத் திறக்கிறார்களாமே? அதில் ஒன்றில் ஹேல்ஸ்டன் பிரபுவின் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று கேள்வி. ராஜாவோடு சண்டை மூண்டு கொட்டகைகளை மூடியபோது எனக்கு முடி கறுப்பு. அன்றிலிருந்து மனைவியின் கடையில் பாலாடைக்கட்டி அறுத்துக்கொண்டிருக்கிறேன். நாம் பிள்ளைகளாக இருந்தபோது பாவாடை கட்டி ராணி வேஷம் போட்டோமே, நீ வரியை மறந்து விழிப்பாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பேனே, அந்தப் பலகை மேல் இன்னொரு முறை நிற்க வேண்டும். ஒரு கிழட்டு ராஜா வேஷம் கிடைத்தால் போதும். பிரபு என் குரலைக் கேட்டால் கூப்பிடுவார் என்று நம்புகிறேன்.

டார்கஸிடம் சொன்னேன். "லண்டன் போறதுன்னா தாராளமாப் போங்க. அந்த ஆத்துத் தேவன் பச்சைத் தாடிய மட்டும் இங்க விட்டுட்டுப் போயிடாதீங்க. பூச்சியெல்லாம் அதுலேர்ந்துதான் கட்டிக்கு வருது" என்றாள். விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
ஹம்ப்ரி


லண்டன்
செப்டம்பர் 12, 1660

என் ஹம்ப்ரிக்கு,

பாட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அனுப்பும்போதே கை கூசுகிறது. முதல் நாலு வரியைப் படித்ததும் உனக்குத் தெரிந்துவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இது பழைய பாட்டு. ராஜா இல்லாமல் படைக்காரர்கள் ஆண்ட வருடங்களில் உங்கள் ஊருக்கு அவர்களுடைய கர்னல் ஒருவர் வந்தாரே, அவருக்காக நான் எழுதி, நீ அதே மண்டபத்தில், அதே தாடியில் சொன்னாயே, அதுதான். சட்டையைத் திருப்பித் தைத்திருக்கிறேன், அவ்வளவே. அன்று,

"முடியென்னும் தகரத்தை முற்றத்தில் வீசினோம்;
அடிவைத்து நடக்கின்றோம், அச்சத்தைப் பேசிடோம்"

என்று காகிதக் கிரீடத்தைத் தூக்கிப் போட்டுக் காலால் மிதித்தாய். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். இப்போது அதே இடம்,

"முடியென்னும் கதிரவனை முற்றத்தில் ஏந்தினோம்;
அடிபணிந்து நிற்கின்றோம், அருள்மழையில் நீந்தினோம்"

என்று வருகிறது. மிதிப்பதற்குப் பதில் கிரீடத்தைத் தலைக்கு மேல் உயர்த்து. யாருக்குத் தெரியப்போகிறது? விருந்தில் பாட்டைக் கேட்பவன் யார்? அன்றைக்கும் எல்லாருடைய கண்ணும் அன்னப்பறவை வறுவல் மேல்தான் இருந்தது.

மூன்று மண்டபங்களுக்கு ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஹம்ப்ரி. இங்கே ஒரு பெரிய சங்கம் என்னை வருடா வருடம் பாட்டெழுதும் நிரந்தரக் கவிஞனாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறது. வயதாகிறது, ஒரு நிலையான இடம் வேண்டாமா? கொட்டகைக்காகக் காத்திருக்கும் உனக்கு நான் புதிதாக எழுதியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். உனக்குப் பாதி மனப்பாடம், அந்த மட்டில் லாபம்.

டார்கஸுக்கு என் வணக்கம்.

உன்
லாரன்ஸ்


மார்ஷ்போர்ட்
செப்டம்பர் 17, 1660

அன்புள்ள லாரன்ஸுக்கு,

பாட்டுத் திருடனே, அதுவும் உன் வீட்டிலேயே திருடுகிறாய்! படித்தவுடன் சிரித்தேன். பிறகு நிலவறையில் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

நாக்குக்குப் பிரச்சினை இல்லை. நாக்கு புது வரியைப் பிடித்துக்கொண்டது. கால்தான் கேட்க மாட்டேன் என்கிறது. "அடி" என்ற சொல் வந்ததும் கை கீழே போகிறது, கால் மேலே வருகிறது. கிரீடத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டி உருண்டையை வைத்துப் பழகினேன். இரண்டு முறை சரியாகத் தூக்கினேன். மூன்றாம் முறை அது என் காலுக்கு அடியில் இருந்தது. டார்கஸ் மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கட்டியில காலை வெச்சீங்களா?"

"தெரியாமப் பட்டுடுச்சு."

"இத இனிமே யாரு வாங்குவா? பிரபுவுக்கே அனுப்புங்க."

விளையாட்டு இல்லை, லாரன்ஸ். மேடைக்காரன் உடம்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒரு முறை கைதட்டு வாங்கிய அசைவை அது விடாது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுது. கிரீடம் வேண்டாம். ஒரு கிண்ணத்தைக் கொடு, ஒரு பூமாலையைக் கொடு. அந்தத் தாளம் வேண்டாம், அந்தச் சொல்லும் வேண்டாம். பன்னிரண்டு வரிதான்.

உன்
ஹம்ப்ரி


லண்டன்
செப்டம்பர் 21, 1660

என் ஹம்ப்ரிக்கு,

வண்டி புறப்படப்போகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ராஜா வந்த வருடத்தில் கிரீடம் இல்லாமல் வாழ்த்தா? கிம்பர் என்னைத்தான் பிடிப்பார். அந்தப் பன்னிரண்டு வரியை மாற்ற எனக்கு ஒரு காலைப் பொழுது போதும். அந்த ஒரு காலைப் பொழுதுதான் என்னிடம் இல்லை.

நீ பயப்படுகிற ஆளா? எட்டு வயதிலேயே இரண்டாயிரம் பேருக்கு முன்னால் செத்து விழுந்து காட்டியவன். தினமும் பழகு, கால் வழிக்கு வந்துவிடும். கொட்டகையில் நீ கிழட்டு ராஜாவாக நிற்கும் நாளில் முதல் வரிசையில் இருந்து கைதட்ட நான் வருவேன்.

உன்
லாரன்ஸ்


மார்ஷ்போர்ட், வடக்கு வாசல் காவல் அறை
அக்டோபர் 2, 1660

அன்புள்ள லாரன்ஸுக்கு,

முகவரியைப் பார்த்தவுடனே உனக்குப் புரிந்திருக்கும்.

தினமும் பழகினேன். கடைசி வாரம் முழுக்க ஒரு முறைகூடத் தவறவில்லை. விருந்தன்று இரண்டாம் சுற்றுப் பண்டங்களை எடுத்துவிட்டு, பழத்தட்டு வருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். தாடியைக் கட்டிக்கொண்டு, தோளில் நாணல் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றேன். குரல் அப்படி எழுந்தது, லாரன்ஸ்! கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஹேல்ஸ்டன் பிரபு கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இவர் என்னைக் கூப்பிடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. சந்தோஷத்தில் காலைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

நாக்கில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. "அடிபணிந்து நிற்கின்றோம்" என்று சொல்லிக்கொண்டே ராஜாவின் கிரீடத்தைத் தரையில் வீசி மிதித்தேன். காகிதம் நசுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. பிரபு கேட்டார்: "இந்த ஊரு ஆறு இப்படித்தான் பாயுமா?" ஒருவரும் சிரிக்கவில்லை. கிம்பர் ஓடி வந்து, "அடப்பாவி, என்னய்யா பண்ணிட்ட!" என்று என் தாடியைப் பிடித்து இழுத்தார். அடியில் கிரீடத்தின் தங்கப்பூச்சு ஒட்டிய என் செருப்பைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கால் வெறுங்காலாக, தெரு முழுக்க ஆற்றுத் தேவனாக நடந்து வந்தேன்.

வேண்டுமென்று செய்தேன் என்கிறார்கள். பழைய ஆட்சிக்காரர்கள் சொல்லிக்கொடுத்துச் செய்தேனாம். பழைய பாட்டின் பழக்கத்தில் கால் போய்விட்டது என்று நகர நீதிபதியிடம் சொன்னேன். "எந்தப் பழைய பாட்டு? யாரு கேட்டா?" என்றார். அன்று கைதட்டியவர்களை எல்லாம் அழைத்து விசாரித்தார். ஒருவர்கூட அன்று ஊரில் இல்லையாம்! கிம்பருக்கு அந்த வருடம் முழுக்க மூட்டு வலியாம், வீட்டை விட்டே வெளியே வரவில்லையாம். கர்னலுக்கு அன்னப்பறவையை அறுத்துக் கொடுத்ததே அவர்தான்.

"யாரு எழுதினது?" என்று கேட்டார் நீதிபதி. நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது, நீயே சொன்னால் அது சாட்சி. பழைய பாட்டுக்காக உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது பேசியதற்கும் எழுதியதற்கும் எல்லாருக்கும் மன்னிப்பு என்று சட்டமே வந்துவிட்டது. இப்போது செய்ததற்குத்தான் தண்டனை. "இது பழைய பாட்டைத் திருத்தியது, அதில் இந்த இடத்தில் மிதிக்க வேண்டும், இவன் ஏற்கெனவே பயந்து என்னிடம் சொன்னான்" என்று நீ நாலு வரி எழுதினால் என் கால் மட்டும்தான் குற்றவாளி. விசாரணை இருபத்திரண்டாம் தேதி. அதற்குள் எழுதிவிடு, லாரன்ஸ்.

டார்கஸ் தினமும் வருகிறாள். காவல்காரர் ஜேப்ஸ், "உன் வீட்டுக்காரம்மா கொண்டுவர்ற கட்டிக்காகவாவது உன்னை இங்கேயே வெச்சுக்கணும்யா" என்கிறார்.

உன்
ஹம்ப்ரி


லண்டன்
அக்டோபர் 10, 1660

என் அருமை ஹம்ப்ரிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கம்பளி மேலங்கி ஒன்று வண்டியில் அனுப்பியிருக்கிறேன், காவல் அறை ஈரமாக இருக்கும். காலுக்கு ஒரு ஜோடி செருப்பும் இருக்கிறது.

எழுதுகிறேன். கட்டாயம் எழுதுகிறேன். ஆனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். நான் சொன்ன அந்தச் சங்கம் இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி என்னைப் பற்றித் தீர்மானிக்கப்போகிறது. நேற்று அவர்களுடைய எழுத்தர் கேட்டார்: "பெவரல், பழைய ஆட்சிக்காரங்களுக்கு நீங்க ஒண்ணும் எழுதலையே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானா? அந்த வருஷமெல்லாம் எனக்குக் காய்ச்சல்ங்க" என்றேன். கிம்பருக்கு மூட்டு வலி, எனக்குக் காய்ச்சல். இந்த நாடே அத்தனை வருடமும் படுத்த படுக்கையாகக் கிடந்திருக்கிறது.

இங்கே பழைய ராஜாவின் தலையை எடுத்தவர்களைத் தூக்கிலிடப் போகிறார்களாம். சட்டம் மன்னிப்பு என்று சொல்கிறது, தெரு வேறு மாதிரி பேசுகிறது. இருபத்தொன்பதாம் தேதி தாண்டட்டும். விசாரணையை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி டார்கஸ் கேட்டுப் பார்க்கக் கூடாதா? உடம்பு சரியில்லை என்று சொல். பொய் சொல்லச் சொல்கிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன்
லாரன்ஸ்


லண்டன்
அக்டோபர் 19, 1660

ஹம்ப்ரி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை உன் நீதிபதிக்குச் சாட்சி எழுதினேன். பழைய பாட்டு என்று, நான்தான் எழுதினேன் என்று, நீ மாற்றச் சொல்லிக் கெஞ்சினாய் என்று, எல்லாவற்றையும். அதை எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும் சத்திரத்துக்குப் போனேன். வண்டிக்காரர் கையை நீட்டினார். "மார்ஷ்போர்ட்டுக்கா? குடுங்க" என்றார். நான் என்னென்னவோ பேசினேன். பாதை சேறாக இருக்கிறதா என்று கேட்டேன், அவருடைய குதிரையைப் புகழ்ந்தேன். கடைசியில் அதை உள்ளங்கிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லித் தீர வேண்டும். உனக்கு மாற்றி எழுத ஒரு காலைப் பொழுது இல்லை என்றேனே, அடுத்த நாள் காலை முழுவதும் நான் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். ஜெயிக்கக்கூட இல்லை. வேலை மிகுதி என்பதெல்லாம் சும்மா. பழைய பாட்டு போதும், மார்ஷ்போர்ட்டுக்கு இது போதும் என்று நினைத்தேன். உனக்கு இது போதும் என்று நினைத்தேன். நான் ஒரு அற்பன், ஹம்ப்ரி. இதை எழுதுவதால் கொஞ்சம் நல்லவன் ஆகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற அளவுக்கு அற்பன்.

இருபத்திரண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குதிரை அஞ்சலில் போட்டால் போய்ச் சேரும். நாளைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

லாரன்ஸ்


லண்டன்
அக்டோபர் 31, 1660

ஹம்ப்ரி,

நான் எழுதவில்லை. இருபதாம் தேதியும் எழுதவில்லை, இருபத்தொன்றாம் தேதியும் எழுதவில்லை. இருபத்திரண்டாம் தேதி காலையில் இனி எழுதிப் பயனில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

அந்த இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. நேற்று முன்தினம் விருந்தில் என்னைப் பெரிய மேசையில் உட்கார வைத்தார்கள். பாட்டு என்னுடையதுதான், புதியதுதான். ஓர் இளைஞன் நன்றாகச் சொன்னான். கடைசியில் அவன் கிரீடத்தை எடுத்தான். நான் மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள், என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவர், "கவிஞருக்குச் சந்தோஷத்துல காலே வரல போல" என்றார்.

இப்போது எனக்குப் பயம் போய்விட்டது. அவர்கள் என்னைத் தூக்கி எறிந்தால் எறியட்டும். உனக்கு என்ன தண்டனை கொடுத்திருந்தாலும் நான் நேரில் வந்து, அந்த நீதிபதி முன்னால், கிம்பர் முன்னால், ஊர் முன்னால் உண்மையைச் சொல்கிறேன். கொட்டகைக்காரர்களிடமும் நானே பேசுகிறேன். "வா" என்று ஒரு வார்த்தை எழுது. அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறேன்.

உன் (இப்படிப் போட எனக்கு உரிமை இருந்தால்)
லாரன்ஸ்


மார்ஷ்போர்ட்
நவம்பர் 7, 1660

லாரன்ஸுக்கு,

கடிதங்கள் எல்லாம் வந்தன. மேலங்கியும் செருப்பும் வந்தன. மேலங்கியை ஜேப்ஸிடம் கொடுத்துவிட்டேன். செருப்பு எனக்குச் சின்னது.

நீ வர வேண்டாம். விசாரணையன்று காலை வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டார்கஸ் வண்டி நிற்கும் இடத்துக்கே போய் நின்றாள். வண்டிக்காரரிடம், "நல்லாத் தேடிப் பாருங்கண்ணே, மூட்டைக்கு அடியில போயிருக்கும்" என்று மறுபடி மறுபடி சொன்னாளாம். அவர் பாவம், எல்லா மூட்டையையும் இறக்கிக் காட்டியிருக்கிறார்.

ராஜதுரோகம் என்றால் என்ன கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும், அங்கே தெருவில் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதனால் நான் குடித்திருந்தேன் என்று சொன்னேன். நீதிபதி, "எவ்வளவு?" என்று கேட்டார். "நினைப்பில்லைங்க" என்றேன். சத்தியம் செய்யச் சொன்னார், புத்தகத்தில் கை வைத்துச் செய்தேன். மண்டபத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. குடிகாரன் என்றால் எல்லாருக்கும் வசதிதான். பாட்டுச் சொல்லும் நாளில் நான் தண்ணீர்கூட அளந்து குடிப்பவன் என்பது இந்த உலகத்தில் உனக்கும் டார்கஸுக்கும்தான் தெரியும்.

சந்தையில் தலையையும் கைகளையும் பலகைக்குள் பூட்டி ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். அந்த நசுங்கின கிரீடத்தை நிமிர்த்தி என் தலையில் வைத்தார்கள். கடைசியில் ஒரு கிழட்டு ராஜா வேஷம் கிடைத்தது. மண்டபத்திலோ கொட்டகையிலோ இனி எங்கேயும் நான் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பிரபுவும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீ இப்போது வந்து உண்மையைச் சொன்னால் நான் புத்தகத்தில் கை வைத்துப் பொய் சொன்னேன் என்று ஆகும். அதற்கு இன்னொரு தண்டனை. உன் மனசு லேசாவதற்காக நான் இன்னொரு முறை அங்கே நிற்க முடியாது.

தெருவில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள், என்னைப் போல நடக்கிறார்களாம். பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று நின்று, "இப்படி இல்லடா. குடிச்சவன் தள்ளாட மாட்டான், நேரா நடக்கத்தான் பாப்பான்" என்று நடந்து காட்டினேன். கைதட்டினார்கள். டார்கஸ் கடை வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருக்கும், எழுதுவதற்கு விஷயம் இருக்கும். பிள்ளைப் பருவத்தில் நீ வரியை மறந்து நின்றபோதெல்லாம் உன் முதுகுக்குப் பின்னால் நான் இருந்தேன். ஒரு நாள்கூட உன்னை விழிக்க விடவில்லை. இந்த ஒரு முறை நான் நடுவில் நின்றேன். நாலு வரி கேட்டேன். நீ எடுத்துக் கொடுப்பாய் என்று கடைசி நிமிடம் வரை காது கொடுத்துக்கொண்டு நின்றேன், லாரன்ஸ்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் டார்கஸ் என்னிடம் தரமாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

ஹம்ப்ரி டாக்கெட்
பாலாடைக்கட்டி வியாபாரி